உரிமை கோராமல் உண்மை கேட்பவர்கள்

ஆடி அமாவாசை விடியற்காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குச் சென்றவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. காவிரியில் முழுகி எழுந்தவர்கள் ஈரத் துணியுடன் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பார்கள். எள்ளையும் தர்ப்பையையும் கையில் கொடுத்துவிட்டுப் புரோகிதர் கேட்பார்: கோத்திரம் என்ன? தகப்பனார் பெயர் என்ன? கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் என்று சொல்லி நடத்திவிடும் வழக்கம் உண்டு. தகப்பனார் பெயர் தெரியாதவருக்கு அப்படியொரு மாற்றுப் பெயர் கிடையாது.

என்னிடம் பல ஆண்டுகளுக்கு முன் பொருளாதாரம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். வயது ஐம்பத்து நான்கு. ஸ்ரீரங்கத்தில் தாய்வழித் தாத்தாவின் வீட்டில் வளர்ந்தவர். அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தும் தாத்தாவின் பெயருக்கு உரியதுதான். தாயாருக்குத் திருமணம் நடந்ததற்கான பதிவு எதுவும் இல்லை. தந்தை யார் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. 'அம்மா இருந்தவரை நான் கேட்கவில்லை சார். கேட்டுப் புண்படுத்த மனம் வரவில்லை' என்றார். தாயார் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு நெஞ்சுவலியுடன் மருத்துவரிடம் சென்றபோது, தந்தைக்கு இதயநோய் இருந்ததா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

அவர் சொன்னவற்றில் ஒன்று என்னை விட்டு அகல மறுக்கிறது. 'தர்ப்பணம் செய்யலாம் என்றால், அவர் இறந்துவிட்டாரா என்பதாவது தெரிய வேண்டாமா, சார்?'

அவருக்குச் சொத்து வேண்டாம். யாரும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். ஒரு பெயர், முடிந்தால் ஒரு புகைப்படம், குடும்பத்தில் வழிவழியாக வரும் நோய் ஏதேனும் உண்டா என்ற தகவல், இவ்வளவே அவர் நாடுவது. சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டார். நான் சட்டம் படித்தவன் அல்லன். எனினும், அவருக்காகத் தேடிப் படித்தபோது கிடைத்த விடை வியப்பளித்தது. தந்தையிடம் பணம் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு; பெயர் மட்டும் கேட்க வழி இல்லை.

இது ஸ்ரீரங்கத்து மனிதர் ஒருவரின் தனிப்பட்ட துயரம் மட்டும் அன்று. இனி வரும் ஆண்டுகளில் இந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறவர்களின் எண்ணிக்கை பெருகும். அதற்கான அறிகுறி திருச்சி மாநகராட்சியின் பிறப்புப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

கணவரிடமிருந்து சட்டப்படி பிரிந்த பெண் ஒருவர், முகம் அறியாத கொடையாளரின் விந்தணுவைக் கொண்டு மருத்துவ முறையில் கருவுற்று 2017-இல் பெண் குழந்தை பெற்றார். சிகிச்சையின்போது அவருக்கு உதவியாக இருந்த ஒருவரின் பெயர், பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயராகப் பதிவாகிவிட்டது. அதை நீக்குமாறு அவர் விண்ணப்பித்தபோது, பெயரில் பிழை இருந்தால் திருத்தலாம், பெயரையே நீக்க இயலாது என்று மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018-இல் தலையிட்டு, அந்தப் பெயரை நீக்கித் தந்தைக்கான கட்டத்தை வெற்றிடமாக விடும்படி உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்புக்கு அடித்தளமாக அமைந்தது 2015 ஜூலை 6 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு. திருமணமாகாத தாய் தன் குழந்தைக்குத் தானே பாதுகாவலராகலாம். அதற்காகத் தந்தை யார் என்று வெளியிடும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அத்தீர்ப்பு கூறியது. பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை ஒவ்வொரு படிவத்திலும் 'தகப்பனார் பெயர்' என்ற கட்டத்தின் முன் கூனிக் குறுகி நின்ற தாய்மார்களுக்கு இவ்விரு தீர்ப்புகளும் பெரும் ஆறுதல். இவற்றில் ஓர் எழுத்தைக்கூடத் திரும்பப் பெற வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால், வெற்றிடம் தாய்க்கு அளிக்கும் பாதுகாப்பு வேறு. அதே வெற்றிடம் வளர்ந்த பிள்ளைக்கு எழுப்பும் கேள்வி வேறு. முதலாவதற்கு நீதிமன்றங்கள் விடை கண்டுவிட்டன. இரண்டாவது இன்னும் தொடப்படவே இல்லை.

திருமண உறவில் இருக்கும் தாய்க்குப் பிறந்தவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் 112-ஆவது பிரிவில் ஒரு விதியை வகுத்தது. செல்லத்தக்க திருமணம் நீடிக்கும்போதோ, அது முறிந்த 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாதிருக்கும் நிலையிலோ பிறக்கும் குழந்தை கணவனின் குழந்தையே என்பதற்கு அதுவே முடிவான சான்று. கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் தம்பதியர் ஒருவரையொருவர் அணுக வாய்ப்பே இல்லை என்று மெய்ப்பித்தால் மட்டுமே இதிலிருந்து விலக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் இவ்விதியைத் தன் 116-ஆவது பிரிவில் அப்படியே வைத்திருக்கிறது.

இதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. குழந்தையின் தலையில் 'முறைதவறிப் பிறந்தது' என்ற பழியை எவரும் எளிதில் சுமத்திவிடக் கூடாது என்ற கருணை அதில் இருக்கிறது. மனைவி மீது ஐயம் கொண்ட கணவர்கள் குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை கோரும் வழக்குகளில், குழந்தையை இத்தகைய பூசலின் பகடைக்காயாக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2023-இல் கண்டிப்புடன் கூறியதும் இந்தக் கருணையின் தொடர்ச்சியே.

ஆனால், கேட்பது பிள்ளையே என்றால்? 2025 ஜனவரி 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த கேரள வழக்கு ஒன்றில் இந்தக் கேள்வி நேருக்கு நேர் எழுந்தது. 2001-இல் பிறந்த இளைஞர் ஒருவர், தாயின் அன்றைய கணவர் அல்லாத வேறொருவரே தம்முடைய உயிரியல் தந்தை என்று கூறி, அவரிடம் பராமரிப்புத் தொகையும் மரபணுப் பரிசோதனையும் கோரினார். தமக்குள்ள உடல்நலக் குறைபாடுகளையும் மருத்துவச் செலவையும் அவர் சுட்டிக்காட்டினார். நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டபூர்வப் பிள்ளை என்ற அனுமானம் நிற்கும்வரை, தந்தை யார் என்ற கேள்விக்குத் தனி வாழ்வு கிடையாது. பிள்ளையின் நலன் ஒருபுறம் இருக்க, சுட்டப்படும் மனிதரின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும், தாயின் கண்ணியத்தையும் எடைபோட்டே பரிசோதனைக்கு உத்தரவிட முடியும் என்பது தீர்ப்பின் சாரம்.

இதற்கு நேர்மாறான முடிவை நாடறிந்த வழக்கு ஒன்று கண்டது. உத்தரப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் முதல்வராக இருந்த என்.டி. திவாரியின் மகன் தான் என்று ரோஹித் சேகர் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. உச்சநீதிமன்றம் வரை சென்றும் அதைத் தவிர்க்க முடியாத திவாரி, 86 வயதில் ரத்த மாதிரி அளித்தார். 2012 ஜூலை 27 அன்று முடிவு வெளியானது, அவரே தந்தை. 2014-இல் மகனை அவர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். ஆனால், பல ஆண்டுகள் தளராமல் வழக்காடும் வசதியும், தாயே முன்வந்து சாட்சி சொல்லும் துணிவும் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இந்த இரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நம் சட்டத்தின் பார்வையில், தந்தையைத் தேடுபவர் எப்போதும் ஏதோ ஒன்றைக் கோரி வருபவர். பராமரிப்புத் தொகை, வாரிசுரிமை, தகுதிநிலை என ஒரு கோரிக்கையுடன் வந்தால்தான் நீதிமன்றத்தின் கதவு திறக்கும். அப்படித் திறந்த உடனே எதிர்த்தரப்பு தன் கதவை இறுக்கிச் சாத்திக்கொள்கிறது.

பொருளாதாரத்தில் 'தகவல் சமமின்மை' என்றொரு கருத்து உண்டு. ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறு தரப்புக்குத் தெரியாதபோது என்ன நேர்கிறது என்பதை ஆராய்ந்த மூன்று அறிஞர்களுக்கு 2001-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதிலிருந்து ஓர் எளிய பாடத்தை இங்கே கொண்டுவரலாம். உண்மையைச் சொல்வதற்கான விலை உயர்ந்திருந்தால், தெரிந்தவர் அதை மறைப்பார். விலையைக் குறைத்தால், சொல்ல முன்வருவோர் பெருகுவர். எழுபது வயது முதியவர் ஒருவருக்கு ஒருநாள் வழக்கறிஞர் நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மனைவி, மக்கள், பேரக்குழந்தைகள், வீடு, மரியாதை எல்லாம் ஒரே நேரத்தில் அவர் கண்முன் ஆட்டம் காணும். 'அது நான் இல்லை' என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு என்ன தோன்றும்? அதே மனிதருக்கு, 'உங்களிடம் எதையும் கோரப்போவதில்லை, யாருக்கும் தெரியப்போவதுமில்லை, ஒரு கேள்விக்கு விடை மட்டும் வேண்டும்' என்று நம்பகமான ஓர் அமைப்பின் வழியாகக் கடிதம் வந்தால்? எல்லோரும் பதிலளிப்பார்கள் என்று சொல்லவில்லை. சிலரேனும் அளிப்பார்கள்.

சொத்து குறித்த அச்சமும் ஓரளவு மிகையானதே. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, திருமணத்துக்கு அப்பாற்பட்டுப் பிறந்தவர் தாயின் வழியிலேயே உறவினராகக் கருதப்படுகிறார். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சொத்தில் பங்குண்டு என்று உச்சநீதிமன்றம் 2023 செப்டம்பர் 1 அன்று உறுதிசெய்தது; ஆனால் திருமணமே நிகழாத உறவில் பிறந்தவர்களின் நிலை அதுவன்று. ஆக, என் மாணவரைப் போன்றவர்களைக் கண்டு ஒரு குடும்பம் அஞ்சுவது சொத்துக்காக என்பதைவிட மானத்துக்காகவே. மானத்தைக் காக்கும் வழி ரகசியம் பேணும் நடைமுறைதான். உண்மையையே புதைப்பது அன்று.

தந்தையைத் தேடும் நாட்டம் இளமையின் வேகம், வயதாக ஆகத் தணிந்துவிடும் என்று நினைப்போரும் உண்டு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006 ஜூலையில் இதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்தது. ஸ்விட்சர்லாந்தில் 1939-இல் பிறந்த ஒருவர், தம் தந்தை என்று தாம் நம்பியவர் 1976-இல் இறந்த பின்னரும் முயற்சியைக் கைவிடவில்லை. இறந்தவரின் உடலில் மரபணுப் பரிசோதனை நடத்த அந்நாட்டு நீதிமன்றங்கள் மறுத்தன. தீர்ப்பு வந்தபோது அவருக்கு 67 வயது. தன் பிறப்பை அறியும் ஆர்வம் முதுமையில் குறைவதில்லை என்று கூறி, மறுப்பு அவருடைய உரிமையை மீறுவதாக நீதிமன்றம் அறிவித்தது.

எல்லா நாடுகளும் அந்த அளவுக்குச் செல்லவில்லை. தன் மரபை அறிவது ஆளுமை உரிமையின் பகுதி என்று 1989-இல் தீர்ப்பளித்த ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமே, 1950-இல் பிறந்த ஒரு பெண்மணியின் வழக்கில், சட்டப்படி தந்தையல்லாத ஒருவரைப் பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்தும் நடைமுறையை அரசு உருவாக்கியே ஆக வேண்டும் என்பதில்லை என்று 2016-இல் கூறியது. வேண்டுமானால் நாடாளுமன்றம் அத்தகைய வழியை வகுக்கலாம் என்றும் அது சொன்னது. அங்கும் இங்கும் நீதிபதிகளின் தயக்கம் ஒன்றே. ஒருவருடைய உண்மை இன்னொருவருடைய அந்தரங்கமாக இருக்கிறது. இதை நீதிமன்றத்தால் மட்டும் தீர்க்க முடியாது. சட்டமியற்றுவோர் முன்வர வேண்டும்.

குழந்தைகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு, குழந்தைக்கு இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமை உண்டு என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. அப்படியிருந்தும், 2021-இல் இயற்றப்பட்ட செயற்கைக் கருத்தரிப்பு முறைகள் ஒழுங்குமுறைச் சட்டம் இந்தக் கோணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. விந்தணுக் கொடையாளரின் பெயர், முகவரி, ஆதார் எண் உள்ளிட்ட விவரங்களை வங்கிகள் பெற வேண்டும் என்கிறது சட்டம். மருத்துவமனைகளும் வங்கிகளும் பத்தாண்டுகள் ஆவணங்களைப் பேணி, பின்னர் தேசியப் பதிவகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது, தகவல் அரசின் கையில் இருக்கும். ஆனால், பதினெட்டு வயதான பிள்ளை வந்து கேட்டால் தருவதற்கு வழி இல்லை. ஸ்வீடன் 1985 முதலே கொடையாளரின் அடையாளத்தை அறியும் உரிமையைப் பிள்ளைகளுக்கு வழங்கிவிட்டது. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பின் கொடையளித்தவர்களின் விவரத்தைப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் கேட்டுப் பெறலாம். அவ்வாறு கேட்கும் தகுதியை முதல் தலைமுறை 2023-இன் இறுதியில் எட்டியது. திருச்சியில் வெற்றிடத்துடன் பதிவான குழந்தைக்கு 2035-இல் பதினெட்டு வயதாகும். அதற்குள் நாம் என்ன செய்யப்போகிறோம்?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வழிமுறை நம்மிடமே இருக்கிறது. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் 'வேர் தேடல்' என்றொரு ஏற்பாடு உண்டு. தத்துக் கொடுக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குப் பின் தாமே விண்ணப்பித்துத் தம் பிறப்பு விவரங்களைக் கேட்கலாம். மூன்றாம் நபர் யாரும் அவருக்காகத் தேட முடியாது. பெற்றவர் தம் அடையாளத்தை மறைக்கக் கோரியிருந்தால் அவருடைய ஒப்புதல் பெறப்பட வேண்டும். அவர் மறுத்தாலோ கிடைக்காவிட்டாலோ, எந்தச் சூழலில், எக்காரணத்தால் குழந்தை ஒப்படைக்கப்பட்டது என்ற விவரமாவது தெரிவிக்கப்படும். இருவரின் கண்ணியத்தையும் காக்கும் நல்ல ஏற்பாடு இது. தத்துப்பிள்ளைக்குக் கிடைக்கும் இந்த வழி, தாயிடமே வளர்ந்த பிள்ளைக்கு ஏன் இல்லை?

மாவட்டந்தோறும் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களிடம் இப்பொறுப்பை ஒப்படைக்கலாம். பணமோ சொத்தோ கோருவதில்லை என்று உறுதிமொழி அளிக்கும், வயதுவந்த விண்ணப்பதாரர் மட்டுமே அணுக வேண்டும். ஆணைக்குழு, சுட்டப்படும் மனிதரை மட்டும், அவர் வீட்டாருக்குத் தெரியாத வகையில் தொடர்புகொள்ள வேண்டும். அவர் விரும்பினால் பெயரைத் தரலாம், சந்திக்கலாம், அல்லது பெயரை மறைத்துக் குடும்ப நோய் வரலாற்றை மட்டும் தரலாம். பரிசோதனை இருவரும் ஒப்பினால் மட்டுமே. தாய், தான் விரும்பினால், உண்மையை முத்திரையிட்ட உறையில் வைத்து ஒப்படைக்கவும், தன் காலத்துக்குப் பின் பிள்ளை கேட்டால் மட்டுமே திறக்கப்பட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவும் இடமளிக்க வேண்டும். விரும்பாத தாயை எவரும் கேட்கக் கூடாது. 2015 தீர்ப்பு அளித்த காப்பு அப்படியே நிற்க வேண்டும்.

இதனால் பொறுப்பற்ற ஆண்கள் தப்பித்துவிடுவார்களே என்ற ஆட்சேபம் எழலாம். நியாயமான ஆட்சேபம். அதனால்தான் இந்த வழி வயதுவந்தவர்களுக்கு மட்டும் என்கிறேன். வளரும் குழந்தைக்குச் சேர வேண்டிய பராமரிப்புத் தொகை முழுமையாக இன்றுள்ள சட்டப்படியே தொடர வேண்டும். அதில் எந்தச் சமரசமும் கூடாது.

ஒழுங்கான வழியை அரசு திறக்காவிட்டால், ஒழுங்கற்ற வழிகள் தாமே திறந்துகொள்ளும். உமிழ்நீர் மாதிரியைத் தபாலில் அனுப்பி உறவினரைத் தேடும் வணிகச் சேவைகள் உலகெங்கும் பரவிவிட்டன. அவற்றில் முன்னணியில் இருந்த அமெரிக்க நிறுவனமான டுவென்டித்ரீ அண்ட் மீ 2025 மார்ச்சில் திவால் மனு தாக்கல் செய்தபோது, கோடிக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல் யார் கைக்குப் போகும் என்ற கவலை எழுந்தது. இங்கோ, மரபணுத் தொழில்நுட்பத்தை ஒழுங்குபடுத்தக் கொண்டுவரப்பட்ட மசோதா 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

எந்த வழி திறந்தாலும் விடை கிடைக்காதவர்களும் இருப்பார்கள். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பெண் சிசுக்களின் உயிரைக் காத்தது. தொட்டிலில் விடப்பட்டவர்களில் பெற்றோர் யாரென்ற குறிப்பே இல்லாதவர்களும் உண்டு. அவர்களில் மூத்தவர்கள் முப்பதைக் கடந்துவிட்டார்கள். உயிருக்காக உண்மையை விட்டுக்கொடுத்த அந்த முடிவு சரியானதே. ஆனால், உண்மை எங்கோ ஒரு கோப்பிலோ ஒருவர் நெஞ்சிலோ இருக்கும்போதும் அதை மறுப்பதற்கு அந்த நியாயம் பொருந்தாது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமனின் கதை வருகிறது. குருகுலத்தில் சேர விரும்பிய சிறுவன் தாயிடம் தன் குலத்தைக் கேட்கிறான். தனக்குத் தெரியாது என்று தாய் ஜபாலை ஒளிக்காமல் சொல்கிறாள். அதையே குருவிடம் சென்று அவன் சொல்ல, உண்மை பேசிய காரணத்தாலேயே கௌதமர் அவனை ஏற்கிறார். தந்தை பெயர் இல்லாதது இழிவு அன்று என்பதை நம் மரபு என்றோ சொல்லிவிட்டது. இதைச் சொல்லும்போது பலரும் கவனிக்கத் தவறுவது, அந்தச் சிறுவன் கேட்டதையும் அது தவறென்று கருதவில்லை என்பதே.

விடைபெறும்போது என் மாணவரிடம், இந்த அமாவாசைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். 'அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விடுவேன் சார். அவர் எங்காவது உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்' என்றார். பெயர் தெரியாத ஒருவரின் நலனை வேண்டி நிற்கும் மனிதரிடம் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? அவர் கேட்கும் ஒரு பெயரை, கிடைக்கும் இடத்திலிருந்து பெற்றுத் தருவதற்கு ஒரு வாசலையாவது சட்டம் திறந்து வைக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).